வீடற்ற ஆண்களுக்கான ஊழியம்: ஜெபத்தில் உட்கார்ந்தால்தான் படுக்கையா?

வேப்பேரி_வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் திருச்சபை வளாகத்தில் பழைய பள்ளிக் கட்டடம் ஒன்று சும்மா கிடக்கிறது. அதைச் சரிசெய்து, தெருவில் படுக்கும் ஆண்களுக்கு இரவு தங்க இடமும் சாப்பாடும் கொடுப்பது என்று ஆண்கள் ஐக்கியத்தில் முடிவாகிவிட்டது. பணமும் ஓரளவு சேர்ந்திருக்கிறது. ஆனால் விதிமுறை எழுத உட்கார்ந்ததும் இரண்டு தரப்பாகப் பிரிந்துவிட்டோம்.

ஒரு தரப்பு சொல்வது: மாலை ஜெபத்தில் கட்டாயம் உட்கார வேண்டும், குடித்துவிட்டு வந்தால் உள்ளே விடக் கூடாது, ஒரு மாதத்துக்கு மேல் யாரும் தங்கக் கூடாது. இல்லையென்றால் இது ஊழியம் இல்லை, இலவச லாட்ஜ் என்கிறார்கள். இன்னொரு தரப்பு, பசியோடு வந்து நிற்கிறவனிடம் நிபந்தனை பேசக் கூடாது என்கிறது. நான் இரண்டாவது தரப்பு. ஆனால் மனசு மட்டும்தான் இருக்கிறது, அனுபவம் இல்லை.

உலகத்தில் பல ஊர்களில் நூறு வருடத்துக்கும் மேலாகச் சபைகள் இந்த வேலையைச் செய்து வருகின்றன. எது நிலைத்தது, எது உடைந்தது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் தயங்காமல் எழுதுங்கள், உங்கள் கருத்து எங்களுக்கு இன்னும் முக்கியம்.

ஞாயிறு_பள்ளி எழுதியது:

பிரதர், இந்த ஊழியம் தொடங்கிய இடத்திலிருந்தே வருகிறேன். உங்கள் கேள்விக்கு அங்கேயே பாதி பதில் கிடைத்துவிடும்.

ஜெரி மெக்காலி அயர்லாந்தில் பிறந்தவர். சிறுவனாகவே நியூயார்க் வந்து, ஆற்றில் நிற்கும் கப்பல்களிலும் படகுகளிலும் திருடிப் பிழைத்தார். 19 வயதில் 15 வருடத் தண்டனையோடு சிங் சிங் சிறைக்குப் போனார். அங்கே ஒரு ஞாயிறு ஆராதனையில், தனக்குத் தெரிந்த பழைய முரடன் ஒருவன் மனம் திரும்பி வந்து பேசுவதைக் கேட்டு உடைந்துபோனார். 1864ல் மன்னிப்புக் கிடைத்து வெளியே வந்தார்.

மனம் திரும்பிய கதையைச் சொல்லும் சாட்சிக் கூட்டமாக இருந்தால் நாம் இங்கேயே ஸ்தோத்திரம் சொல்லி முடித்திருப்போம். நடந்தது வேறு. வெளியே அவருக்கு வீடு இல்லை, வேலை இல்லை, நல்ல நண்பர் ஒருவர்கூட இல்லை. மறுபடி குடி, மறுபடி ஆற்றுத் திருட்டு. 1868 வாக்கில் மீண்டும் மனம் திரும்பினார். அதன் பிறகும் சறுக்கல்கள் இருந்தன. ஒவ்வொரு முறையும் அவரைத் தேடிப் போய்க் கூட்டி வந்தவர்கள் சிலர் இருந்தார்கள், அதனால்தான் 1872 அக்டோபரில் வாட்டர் ஸ்ட்ரீட் 316ம் எண் கட்டடத்தில் குடிகாரர்களையும் வீடற்றவர்களையும் ஏற்கும் ஒரு மிஷனைத் திறக்க அவர் உயிரோடு இருந்தார். மனைவி மரியாவும் குடியிலிருந்து மீண்டவர்தான். அமெரிக்காவின் முதல் மீட்பு மிஷன் என்று அதைத்தான் சொல்கிறார்கள். 1884ல் காசநோயில் இறந்தார். 1879ல் தொடங்கிய பவரி மிஷன் உட்பட, பின்னால் வந்தவை பலவும் அவர் போட்ட பாதையில் நடந்தவை.

ஒரு மாதக் கெடு வைக்கச் சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். அந்தக் கெடுவுக்குள் மெக்காலி தேறியிருக்க மாட்டார்.

பாளை_ஊழியன் எழுதியது:

நல்ல பதிவு. ஆனால் நிபந்தனை வேண்டும் என்கிற தரப்பை இங்கே யாரும் சரியாகச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். சிறிய அளவில் இப்படி ஒரு இல்லம் நடத்துகிற போதகர் நான்.

பெரிய கூடத்தில் வரிசையாகப் பாய் போட்டுப் படுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒருவர் குடியை விட்டு இரண்டு வாரம் ஆகியிருக்கும். பக்கத்துப் பாயில் சாராய வாடையோடு ஒருவர் வந்து விழுந்தால் அந்த முதல் மனிதனின் கதி என்ன? இரவில் சண்டை வந்தால் அடி வாங்குவது யார்? எப்போதுமே வயதானவரும் மனநிலை சரியில்லாதவரும்தான். விதி இல்லாத இடத்தில் பலசாலிதான் ராஜா. இது பல முறை கண்ணால் பார்த்தது.

அடுத்தது விசுவாசம். பில் வில்சன் என்ற நியூயார்க்காரர் 1934 கடைசியில் குடிபோதையிலேயே கால்வரி மிஷனுக்குள் போய்ப் பீடத்தின் முன் முழங்காலிட்டார். கிழக்கு 23ம் தெருவில் வீடற்ற குடிகாரர்களுக்காக ஓர் எப்பிஸ்கோப்பல் சபை நடத்திய மிஷன் அது. எபி தாச்சர் என்ற அவருடைய பழைய குடி நண்பர் அங்கே தங்கித் தெளிந்திருந்தார், அவர் சொல்லித்தான் இவர் போனார். அதற்குச் சில நாட்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார், பிறகு சாகும்வரை குடிக்கவில்லை. 1935ல் அக்ரனில் டாக்டர் பாப் என்பவரோடு சேர்ந்து அவர் தொடங்கியதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். இன்று நம் ஊர்ச் சர்ச் அறைகளிலும் தமிழில் நடக்கிற ஏஏ கூட்டங்களின் வேரைத் தேடிப் போனால், தெருவாசிகளுக்கான ஒரு மிஷனின் ஜெபக் கூட்டத்துக்குத்தான் போய்ச் சேர்வீர்கள். ஜெபத்தை எடுத்துவிட்டு ஊழியம் செய்யலாம் என்று யாராவது சொன்னால், எதை வைத்து அந்த மனிதனை எழுப்புவீர்கள் என்று கேட்பேன்.

ஞாயிறு_பள்ளி எழுதியது:

பாஸ்டர், உங்கள் உதாரணத்திலேயே ஒன்று இருக்கிறது. பில் குடித்துவிட்டுத்தான் உள்ளே போனார். வாசலிலேயே ஊதிப் பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தால்? எபி தாச்சரும் பின்னாளில் பல முறை விழுந்தார். பில் அவரைக் கடைசிவரை தன்னைக் கைதூக்கிவிட்டவர் என்றே சொல்லி வந்தார், கைவிடவில்லை.

பாளை_ஊழியன் எழுதியது:

உண்மைதான் தம்பி. பில் அன்று நடந்து வந்தார், யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சண்டை, திருட்டு விஷயத்தில் என் நிலை மாறாது.

எழுபத்தாறு எழுதியது:

நான் நாத்திகன். கேட்டதால் வெளிப்படையாகச் சொல்கிறேன்.

சாப்பாட்டுக்கு முன் பிரசங்கம் என்பது பசியைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைப்பது. அவன் ஆமென் சொன்னால் அது அவன் வயிறு சொல்வது. அதை நீங்கள் ஆத்தும அறுவடை என்று கணக்கெழுதினால் உங்கள் மதத்துக்கே அது மரியாதை இல்லை. வடலூரில் வள்ளலார் 1867ல் தருமசாலை திறந்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே சாப்பிடப் போனவனிடம் நீ எந்தச் சாதி, எந்தச் சாமி என்று யாரும் கேட்டதில்லை. இது நம் மண்ணிலேயே இருக்கிற முன்மாதிரி.

நடைமுறையாகவும் யோசியுங்கள். தமிழ்நாட்டில் 2002ல் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தது, 2004ல் போனது. வேறு பல மாநிலங்களில் அப்படிப்பட்ட சட்டங்கள் இன்றும் இருக்கின்றன. உணவும் படுக்கையும் ஜெபத்தோடு கட்டிப் போட்டால், ஆசை காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்று புகார் கொடுக்க ஒருவர் போதும். உங்கள் இல்லம் மூடப்படும், அந்த ஆட்கள் மறுபடி நடைபாதைக்குப் போவார்கள். நான் உங்கள் மதத்துக்கு ஆதரவாளன் இல்லை, ஆனால் அந்த இல்லம் நடக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வேப்பேரி_வாசி எழுதியது:

ஐயா, நன்றி. வள்ளலார் உதாரணத்தை அடுத்த கூட்டத்தில் அப்படியே சொல்லப் போகிறேன். எங்களுக்கும் ஒரு வேத ஆதாரம் உண்டு. இயேசு பத்துக் குஷ்டரோகிகளைக் குணமாக்கினார், ஒருவன்தான் திரும்பி வந்து நன்றி சொன்னான். மற்ற ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரிகன்_தமிழன் எழுதியது:

நான் அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் இருக்கிறேன். இதே கேள்வி இங்கே உச்ச நீதிமன்றம்வரை போனது.

எங்கள் மாநிலத்தின் தெற்கே கிராண்ட்ஸ் பாஸ் என்று ஒரு சின்ன ஊர். சுமார் 38,000 பேர். பூங்காவில் போர்வை விரித்துப் படுத்தால் 295 டாலர் அபராதம் என்று நகராட்சி விதி போட்டது. வீடில்லாதவன் அதை எங்கே போய்க் கட்டுவான்? ஊரில் பெரியவர்களுக்கு என்று குறிப்பிடத்தக்க தங்குமிடம் ஒன்றே ஒன்று, காஸ்பல் ரெஸ்க்யூ மிஷன். அங்கே சேர வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக வேண்டும், வாரத்தில் ஆறு நாள் தினமும் ஆறு மணிநேரம் அந்த மிஷனுக்கு வேலை செய்ய வேண்டும், பீடி சிகரெட் எதுவும் கூடாது. வேலை செய்ய முடியாத ஊனமுற்றவருக்கு அங்கே இடம் கிடைப்பது கஷ்டம். வழக்கில் எழுந்த கேள்வி இதுதான்: அப்படிப்பட்ட இடத்தைக் காட்டி, ‘படுக்கை இருக்கிறதே, நீ ஏன் பூங்காவில் படுத்தாய்’ என்று ஒருவனைத் தண்டிக்கலாமா? கீழ் நீதிமன்றம் கூடாது என்றது. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று நகராட்சிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

அதற்கு முன் 2018ல் பக்கத்து ஐடாஹோ மாநிலத்தின் பாய்சி நகர வழக்கு. அங்கே ஆண்களுக்கான மிஷன் ஒன்றில் 17 நாள்வரைதான் விருந்தாளியாகத் தங்கலாம். அதற்குமேல் தங்க வேண்டுமென்றால் அவர்களுடைய சீஷத்துவப் பயிற்சியில் சேர வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். ஜெயிலைக் காட்டி ஒருவனை மதப் பயிற்சிக்குள் தள்ளக் கூடாது என்று அங்கே மேல்முறையீட்டு நீதிபதிகள் சொன்னார்கள்.

எனக்கு இதில் வலிப்பது என்னவென்றால், அந்த மிஷன்களில் இருக்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அரசு செய்ய வேண்டியதைச் செய்யாதபோது கஞ்சி காய்ச்சி ஊற்றியவர்கள். ஆனால் ஊரில் இருக்கும் ஒரே கதவு உங்களுடையதாக இருக்கும்போது, அந்தக் கதவில் நீங்கள் போடுகிற நிபந்தனை சட்டத்துக்குச் சமமாகிவிடுகிறது. விரும்பினால் வா என்று அங்கே சொல்ல முடியாது.

சிட்டி_சிவில் எழுதியது:

வேலை விஷயத்தை ஒரிகன் நண்பர் தொட்டதால் ஒரு எச்சரிக்கை. நான் வழக்கறிஞர்.

தங்குகிறவர்களைக் கொண்டு மெழுகுவத்தி செய்வது, பழைய துணிக்கடை நடத்துவது, சபைக் கட்டடத்தைப் பெருக்க வைப்பது எல்லாம் நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பிக்கும். அமெரிக்காவில் 1985ல் அலாமோ ஃபவுண்டேஷன் என்ற மத அமைப்பு வழக்கில், அதன் தொழில்களில் உணவுக்கும் உறைவிடத்துக்கும் வேலை செய்த ‘சகோதரர்கள்’ சட்டப்படி தொழிலாளிகள்தான், கூலி கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1996ல் இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவ அமைப்பின் குடிமீட்பு மையத்தில் இருந்த ஒருவர் போட்ட வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் எதிர்மாறாக, அவர் பயனாளிதான், ஊழியர் இல்லை என்றது. 2021 முதல் அதே மையங்கள் மீது பல மாநிலங்களில் புது வழக்குகள் கிளம்பின. வாரம் முழுக்கப் பழைய சாமான் கிடங்கில் வேலை, கையில் கிடைப்பது சில டாலர்கள் என்பது அவர்கள் புகார். அது சிகிச்சையின் ஒரு பகுதி என்பது சேனையின் பதில்.

நம் நாட்டில் விஷயம் இன்னும் தெளிவு. 1982ல் ஏசியாட் (ஆசிய விளையாட்டுப் போட்டி) கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே அரசியல் சாசனம் 23ம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்றது. தன் தட்டைத் தான் கழுவுவது, தன் அறையைக் கூட்டுவது வேறு. விற்கிற பொருளைச் செய்ய வைத்தால் கூலி கொடுங்கள், வங்கிக் கணக்கில் கொடுங்கள்.

ஞாயிறு_பள்ளி எழுதியது:

வக்கீல் ஐயா சொன்னதற்கு இரட்சணிய சேனையின் வரலாற்றிலேயே ஒரு நல்ல பக்கம் இருக்கிறது. நாகர்கோவில் காத்தரின் பூத் ஆஸ்பத்திரி குமரிக்காரர்களுக்குத் தெரியும். அந்தக் காத்தரினும் கணவர் வில்லியம் பூத்தும் 1865ல் கிழக்கு லண்டனில் தொடங்கிய ஊழியம்தான் 1878ல் சேனை ஆனது. 1890ல், காத்தரின் புற்றுநோயில் இறந்த அதே வருடம், பூத் ஒரு பெரிய திட்டத்தை வெளியிட்டார். அதன் அடிப்படை ஒரு வண்டிக் குதிரை. லண்டன் தெருவில் குதிரை விழுந்தால், அது தன் தப்பால் விழுந்ததா என்று யாரும் விசாரிப்பதில்லை. முதலில் தூக்கி நிறுத்துகிறார்கள். உயிரோடு இருக்கும்வரை அதற்குத் தீனி, தங்க இடம், வேலை மூன்றும் உண்டு. மனிதனுக்கு அதுவாவது வேண்டாமா என்று கேட்டார்.

கேட்டதோடு நிற்கவில்லை. 1891ல் எஸ்ஸெக்ஸில் ஹாட்லி என்ற இடத்தில் பண்ணை வாங்கி லண்டன் தெருவாசிகளை அங்கே வேலைக்கு அனுப்பினார். அந்தப் பண்ணை இன்றும் இருக்கிறது. அதே வருடம் ஓல்ட் ஃபோர்டில் தீப்பெட்டித் தொழிற்சாலை. மற்ற முதலாளிகள் பயன்படுத்திய பாஸ்பரஸ் தொழிலாளியின் தாடை எலும்பை அழுக வைத்தது. பூத் ஆபத்தில்லாத பாஸ்பரஸைப் பயன்படுத்தினார், கூலியும் மற்றவர்களைவிட அதிகம் கொடுத்தார். வியாபாரமாக அது நிற்கவில்லை, 1901ல் மூடினார்கள். ஆனால் மற்ற முதலாளிகள் வெட்கப்படும் அளவுக்கு அது பேசப்பட்டது.

எழுபத்தாறு எழுதியது:

அதே பூத்தின் தங்குமிடங்களில் ஒரு பென்னிக்கு பெஞ்சில் உட்கார்ந்து இரவைக் கழிக்க வேண்டும், நான்கு பென்னிக்குச் சவப்பெட்டி போன்ற மரப்பெட்டியில் படுக்கலாம். அதையும் எழுதுங்கள்.

ஞாயிறு_பள்ளி எழுதியது:

ஆம், அதுவும் உண்மை. குளிரில் செத்துப்போவதைத் தடுத்தது என்பதற்கு மேல் அதைப் பெருமையாகச் சொல்ல முடியாது. நூறு பேரை ஒரே கூடத்தில் அடுக்குவது ஆரம்பத்திலிருந்தே இந்த ஊழியத்தின் பலவீனம்.

தங்கச்சிமடம் எழுதியது:

எல்லாரும் வெளிநாட்டுக் கதை சொல்கிறீர்கள். நான் என் அண்ணன் கதையைச் சொல்கிறேன். பெயர், ஊர் வேண்டாம்.

கடலில் தொழில் செய்தவன். படகு போனது, கடன் வந்தது, குடி வந்தது. அண்ணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஒருநாள் இவன் காணாமல் போனான். வருடக்கணக்கில் தகவல் இல்லை. செத்துவிட்டான் என்றே அம்மா நினைத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு சின்ன ஜெப வீட்டிலிருந்து போன் வந்தது. வேறு மாநிலத்தில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் காலில் புழு வைத்த புண்ணோடு கிடந்தவனை அங்கே இருந்த உபதேசியார் ஒருவர் தூக்கிப் போயிருக்கிறார். அந்த மனிதர் படித்தவர் இல்லை, பெரிய சபையும் இல்லை. தகரக் கூரை போட்ட இரண்டு அறை. புண்ணைத் தினமும் தன் கையாலேயே கழுவிக் கட்டியிருக்கிறார். அண்ணன் கொஞ்சம் தேறியதும் ஓடிப்போய்க் குடித்தான். அவர் சாராயக் கடை வாசலுக்கே போய்க் கூட்டி வந்தார். மறுபடி ஓடினான், மறுபடி போனார். ஜெபம் பண்ணச் சொல்லி ஒருநாளும் கட்டாயப்படுத்தவில்லை என்று அண்ணனே சொன்னான். அவர் பாட்டுக்கு முன் அறையில் உட்கார்ந்து பாட்டுப் பாடுவாராம், இவன் பின் அறையில் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பானாம்.

எது உன்னைத் திருப்பியது என்று கேட்டேன். ஒருநாள் உபதேசியார் வெளியூர் போகும்போது உக்கிராண அறைச் சாவியையும் காணிக்கைப் பணத்தையும் இவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். ‘என்னை நம்பி யாரும் ஒரு ரூபாய் கொடுத்தே எத்தனையோ வருஷம் ஆச்சு’ என்றான். அன்று ராத்திரி தூங்கவே இல்லையாம், பணத்தைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம்.

இப்போது ஞானஸ்நானம் எடுத்திருக்கிறான். எங்கள் குடும்பம் அம்மன் கும்பிடுகிற குடும்பம். முதலில் எனக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் அனுப்புகிறான். அண்ணி இன்னும் திரும்பி வரவில்லை. அவளுக்கு அந்த உரிமை உண்டு.

பாளை_ஊழியன் எழுதியது:

அம்மா, படித்துவிட்டுச் சற்று நேரம் எழுத முடியவில்லை. அண்ணி பற்றி நீங்கள் எழுதியதை எங்கள் சாட்சிக் கூட்டங்களில் யாரும் சொல்வதில்லை. மனம் திரும்பியவன் வீட்டுக்குப் போனதும் எல்லாம் சரியாகிவிட வேண்டும் என்று மனைவியை நெருக்குகிற போதகர்களைப் பார்த்திருக்கிறேன். அது தவறு.

வார்டு_நர்ஸ் எழுதியது:

சென்னையில் அரசு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். பக்தி, சட்டம் எல்லாம் பேசியாகிவிட்டது, உடம்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

வேப்பேரி அண்ணா, முதல் விஷயம் இது. தினமும் அதிகமாகக் குடிக்கிற ஒருவரைக் கூட்டி வந்து, கதவைப் பூட்டி, ஜெபம் பண்ணி ஒரேயடியாக நிறுத்த வைக்காதீர்கள். நிறுத்திய முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் உடம்பு நடுங்கி, வியர்த்து, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, புத்தி பேதலித்துப்போகும். வைத்தியம் இல்லாவிட்டால் உயிரே போகும். பேய் பிடித்துவிட்டது என்று கட்டிப்போட்டு வைத்திருந்து, கடைசி நேரத்தில் எங்களிடம் கொண்டுவந்த ஆட்கள் உண்டு. அது பேய் இல்லை. வைட்டமின் பி1 ஊசியும் சரியான மாத்திரையும் கொடுத்து டாக்டர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். குடியை நிறுத்தும் சிகிச்சையை நீங்களே நடத்துவதாக இருந்தால் 2017 மனநலச் சட்டப்படி பதிவு வேண்டும். உங்கள் வேலை தங்க வைப்பது. சிகிச்சையை ஆஸ்பத்திரியிடம் விடுங்கள், கூட வந்து பக்கத்தில் உட்காருங்கள். எங்கள் வார்டில் துணைக்கு ஆள் இல்லாத நோயாளிகள்தான் பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள்.

அப்புறம் காசநோய். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை. மாத்திரை இலவசம், ஆனால் குறைந்தது 6 மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். உங்கள் ஒரு மாதக் கெடு இங்கேயே அடிபட்டுப்போகிறது. சிகிச்சையில் இருப்பவருக்கு மத்திய அரசு ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறது, அது வங்கிக் கணக்குக்குத்தான் வரும். கணக்குக்கு ஆதார் வேண்டும், ஆதாருக்கு முகவரி வேண்டும், நடைபாதைக்கு ஏது முகவரி? அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் கொடுக்கும் சான்றிதழை ஆதார் மையத்தில் ஏற்கிறார்கள். அதனால் முதலில் மாநகராட்சியில் போய் உங்கள் இடத்துக்கு முறைப்படி அங்கீகாரம் வாங்குங்கள். ஒரு லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம், வருடம் முழுக்க, 24 மணிநேரமும் என்று 2010லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாநகராட்சியும் தொண்டு அமைப்புகள் மூலமாகத்தான் நடத்துகிறது. பகலில் வெளியே அனுப்பிவிட்டு ராத்திரி மட்டும் திறக்கிற இடமாக வைக்காதீர்கள். கொத்தவால்சாவடியிலும் பிராட்வேயிலும் ராத்திரி முழுக்க மூட்டை தூக்குகிறவர் பகலில்தான் தூங்க வேண்டும்.

மனநிலை சரியில்லாமல் அலைகிறவரைக் கண்டால் பாதுகாப்பில் எடுத்துச் சிகிச்சைக்கு அனுப்புவது காவல் நிலையத்தின் கடமை. அதே 2017 சட்டத்தின் 100ம் பிரிவு. எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், ஸ்டேஷனில் சொல்ல உதவும்.

வடதிசை எழுதியது:

ஹெல்சிங்கியிலிருந்து எழுதுகிறேன். ஞாயிறு_பள்ளி சொன்ன கூடத்துப் பிரச்சினைக்கு இங்கே இரட்சணிய சேனையே ஒரு பதில் கண்டுபிடித்தது.

ஆல்ப்பிகாட்டு தெருவில் அவர்களுடைய பெரிய விடுதி ஒன்று இருந்தது. 250 படுக்கைகள். ஹெல்சிங்கியின் கடைசிப் பெரிய கூட்டு விடுதி அதுதான். 2008ல் பின்லாந்து அரசு நீண்டகால வீடின்மையைக் குறைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் வீடு, பிறகு மற்றதெல்லாம் என்பதுதான் கொள்கை. சேனை எதிர்த்து நிற்கவில்லை. தன் விடுதியைத் தானே புதுப்பித்து மாற்றி, 81 தனிக் குடியிருப்புகளாக ஆக்கியது. ஒவ்வொருவருக்கும் சொந்தச் சமையலறை, கழிப்பறை, அவர் பெயரில் வாடகை ஒப்பந்தம், கையில் சாவி. வாடகைக்கு அரசு உதவி உண்டு. தன் வீட்டுக்குள் அவர் குடித்தால் வெளியே தள்ள மாட்டார்கள். கட்டடத்திலேயே பணியாளர்கள் எப்போதும் இருக்கிறார்கள்.

1987ல் இந்த நாட்டில் 18,000 பேருக்கு மேல் வீடின்றி இருந்தார்கள். 2023ல் அது 3,400 அளவுக்கு வந்தது. 2024ல் கொஞ்சம் ஏறியிருக்கிறது, அரசு உதவித் தொகைகளைக் குறைத்ததும் ஒரு காரணம் என்று இங்கே பேசுகிறார்கள்.

பாஸ்டர் ஐயா சொன்ன பக்கத்துப் பாய் பிரச்சினை நிஜம். ஆனால் அது கூடத்தால் வருகிற பிரச்சினை. ஆளுக்கு ஒரு கதவு இருந்தால் குடிக்கிறவரும் குடியை விட்டவரும் ஒரே கட்டடத்தில் இருக்க முடியும்.

ஒரிகன்_தமிழன் எழுதியது:

முதலில் வீடு என்ற இந்த முறையை நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் 1992லேயே நடத்திக் காட்டினார். இங்கே பல வருடம் அரசின் கொள்கையாகவும் இருந்தது. 2025 ஜூலையில் அதிபர் டிரம்ப் போட்ட ஆணை அதற்குக் கொடுத்து வந்த ஆதரவை நிறுத்தச் சொல்கிறது. மறுபடி நிபந்தனைக்கே திரும்புகிறோம்.

பாளை_ஊழியன் எழுதியது:

தம்பி, பின்லாந்து மாதிரி ஆளுக்கொரு வீடு கட்ட வேப்பேரிச் சபையிடம் பணம் இருக்காது. ஆனால் தடுப்புப் போடலாம். எங்கள் இல்லத்தில் கூடத்தை முழுக்கத் திறந்து வைத்ததே கோளாறுக்குக் காரணமோ என்று இப்போது யோசிக்கிறேன். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அடுத்தவனை அடித்தால் அன்று இரவு அவன் உள்ளே இருக்கக் கூடாது. மறுநாள் வந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேப்பேரி_வாசி எழுதியது:

நேற்று இரவு கூட்டம் முடிந்தது. இந்த இழையை அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தேன். பெரிய வாக்குவாதம் நடந்தது. கடைசியில் முடிவானதைச் சொல்கிறேன்.

மாலை ஜெபம் உண்டு, ஆனால் பக்கத்தில் இருக்கும் ஞாயிறு பள்ளி அறையில். மணி அடிப்போம், வருகிறவர் வரலாம். சாப்பாடும் படுக்கையும் அதோடு சம்பந்தப்படாது. இதற்கு மூத்தவர்கள் இரண்டு பேர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களில் ஒருவர், தங்கச்சிமடம் சகோதரியின் பதிவைப் படித்துவிட்டு, முன் அறையில் பாடுகிற வேலையைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். குடித்துவிட்டு வருகிறவருக்கு வராந்தாவை ஒட்டிய அறை. கெடு கிடையாது. அடிதடிக்குப் பாஸ்டர் சொன்ன விதி அப்படியே. கூடத்தைப் பிளைவுட் தடுப்பு போட்டுப் பிரிக்கிறோம், ஆளுக்கு ஒரு கதவு, பூட்டுகிற பெட்டி ஒன்று. அதனால் நாற்பது பேர் என்று நினைத்தது பதினெட்டாகக் குறைந்தது. இதுதான் பலருக்கு மனக்கஷ்டம். ஆனால் பதினெட்டுப் பேரோடு பல வருடம் கூட இருப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். சமையலுக்கு உதவுகிறவருக்குக் கூலி, வங்கிக் கணக்கில். மாநகராட்சிக்கு விண்ணப்பம் எழுத வக்கீல் ஐயா உதவுவதாகத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார், நன்றி ஐயா.

எழுபத்தாறு எழுதியது:

சமையலுக்கு அரிசி தேவைப்பட்டால் சொல்லுங்கள். மாதம் ஒரு மூட்டை என் பொறுப்பு. பெயர் எழுத வேண்டாம்.

வார்டு_நர்ஸ் எழுதியது:

சந்தோஷம் அண்ணா. தச்சு வேலை ஆரம்பிக்கும் முன் ஒன்று. குளியலறை, கழிப்பறைக் கதவுகளுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும் வைக்காதீர்கள், அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரிப் பூட்டு போடுங்கள். வலிப்பு வந்து உள்ளே விழுந்தால் கதவை உடைக்க நேரம் இருக்காது. கதவும் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், இல்லையென்றால் விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும்.

வேப்பேரி_வாசி எழுதியது:

சரி அக்கா. ஆசாரி நாளைக் காலை அளவெடுக்க வருகிறார், சொல்லிவிடுகிறேன்.